மாமா மிச்சம்பிடித்த நேரம்

விழுப்புரம் ஜங்ஷனில் வேலை பார்த்த என் மாமாவுக்கு, உலகத்தில் எல்லாமே தாமதமாக நடப்பதாகத் தோன்றும். லீவில் கிளியனூருக்கு, அக்கா வீடான எங்கள் வீட்டுக்கு வந்தால், கடிகாரத்தை வைத்துக்கொண்டு சோறு வேகிற நேரத்தைக்கூடப் பார்ப்பார்.

அது யுத்த காலம். திண்டிவனத்து மண்டிக்காரர் மூட்டை மூட்டையாக மல்லாட்டை, அதாவது தோலோடு வேர்க்கடலை, எங்களுக்கு அனுப்புவார். அம்மா கூலிக்கு ஆள் வைத்து உடைத்துப் பருப்பாகத் திருப்பி அனுப்புவாள். மூட்டைக்கு இத்தனை மரக்கால் பருப்பு என்று பேச்சு. குறைந்தால் அடுத்த மூட்டை வேறு வீட்டுக்குப் போய்விடும். மழை ஏமாற்றிய அந்த வருஷம் எங்கள் அடுப்பு எரிந்ததே அந்த மூட்டைகளை நம்பித்தான்.

வேப்பமரத்தடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உடைப்பார்கள். அம்மா ஒவ்வொருத்தியின் வாயையும் கிளறிக்கொண்டே இருப்பாள். மாமியார் சண்டை, புளியமரத்துப் பேய், ஓடிப்போன மாப்பிள்ளை என்று கதைக்குப் பஞ்சமே இல்லை. ஒருத்தியை மட்டும் அம்மா கேட்க மாட்டாள். கைக்குழந்தைக்காரி. மரக்கிளையில் தூளி கட்டிவிட்டு, குவியலுக்குப் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் கதை தெரியாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

பேச்சிலேயே பாதி நேரம் வீணாகிறது என்று மாமா கண்டுபிடித்தார். மறுநாள் அம்மா உறவில் ஒரு காரியத்துக்குப் போனதும் மாமா சட்டம் போட்டார்: வேலை முடியும்வரை யாரும் பேசக் கூடாது. தினமும் விளக்கு வைக்கும்வரை இழுக்கும் வேலை அன்று வெயில் சாயுமுன்பே முடிந்தது. மாமா கடிகாரத்தை என்னிடம் காட்டிச் சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது.

அம்மா வந்து மரக்காலை எடுத்து அளந்தாள். அளக்க அளக்க அவள் முகம் மாறியது. வாசலில் மண்டி வண்டி நிற்கிறது, பருப்போ குறைகிறது. மாமா தாம்தூம் என்று குதித்து, எல்லார் மடியையும் உதறச் சொன்னார்.

"நீ உக்காருடா," என்றாள் அம்மா. "பேசிக்கினு இருந்தா எப்படித் துன்னுவாங்க? நீதான வாய மூடிக்கினு உடைக்கச் சொன்ன?"

கூட்டத்தில் மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பசிங்கம்மா," என்றாள்.

அம்மா உள்ளே போய், விதைக்கு வைத்திருந்த மல்லாட்டையை இறக்கிக்கொண்டு வந்து கொட்டினாள். அதை எல்லோரும் சேர்ந்து உடைத்துக் குறையை நிரப்பினோம். மாமா மிச்சம்பிடித்த நேரமெல்லாம் அதிலேயே போயிற்று.

மறுநாள் மரத்தடியில் பழையபடி பேச்சு. மாமாவே ஒரு ரயில் கதை சொன்னார். மத்தியானம் நான் தூளிப் பக்கம் போனபோது, கைக்குழந்தைக்காரி தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு நரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நல்ல கதையை வட்டத்தில் யாருமே சொன்னதில்லை. அவளுக்கும் கதை தெரியும், கூப்பிட்டுக் கேளு என்று அம்மாவிடம் ஓடினேன்.

"தெரியாதுன்னா தெரியாது. போய் வெளையாடு," என்று அம்மா என் தலையில் லேசாகக் குட்டினாள்.

என் காதால் கேட்டதை அம்மா ஏன் இல்லையென்று சாதிக்கிறாள் என்று அன்று முழுக்க எனக்கு அவள்மேல் கோபம்.