ஸ்பிரிட்டுக்கு மேலே நைட்ரிக் ஆசிட்

திருமங்கலத்தில் எங்கள் பள்ளி லேபுக்கு லீவில் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கெமிஸ்ட்ரி டீச்சர் நான், இன்று காலை கெமிக்கல் அலமாரியைத் திறந்தேன். வெள்ளைப் புகை முகத்தில் வந்து மோதியது.

அமோனியாவையும் ஹைட்ரோகுளோரிக் ஆசிடையும் ஒட்டினாற்போல வைத்திருந்தார்கள். இரண்டின் ஆவியும் கலந்த புகை அது.

அதைவிடப் பெரிய ஆபத்து மேல்தட்டில் இருந்தது. நைட்ரிக் ஆசிட் பாட்டில், மூடி சரியாகத் திருகாமல் சாய்ந்திருந்தது. நேர் கீழே, லேப் விளக்குக்கு ஊற்றும் ஸ்பிரிட் கேன். ஆசிட் ஒழுகி அதில் விழுந்தால் தீப்பிடித்துவிடும்.

வாசலில் பிளஸ் டூ பிள்ளைகள்.

"எல்லாரும் கிரவுண்டுக்கு ஓடுங்க!" என்று கத்தினேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேனை வெளியே தூக்கிப்போனேன். ஏற்கெனவே ஒரு சொட்டு விழுந்திருந்தால் கையிலேயே தீப்பிடிக்கும் என்றே நினைத்தேன். பிறகு கையுறை போட்டுப் பாட்டிலை நிமிர்த்தி மூடியை இறுக்கினேன்.

பெயிண்ட் வேலை முடிந்ததும் அலமாரியைத் திரும்ப அடுக்கிய பிசிக்ஸ் சார் ஓடிவந்தார்.

"உசரம் பாத்துத்தான் அடுக்குனேன் டீச்சர். எம்புட்டு அழகா இருந்துச்சு!"

"இது கொலு இல்ல சார்."

விவரம் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. "உள்ள புள்ளைக இருந்திருந்தா?" என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை டைப் செய்கிறேன்.

உங்கள் பாத்ரூமில் ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கின்றன? இரண்டும் கலந்தால் விஷவாயு வரும், முதலில் பிரித்து வையுங்கள். லைக் அப்புறம் போடலாம்.