முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் படித்தவர்

வளர்மதி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு பெரியவருக்கு வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய ரேஷன் கார்டை ஸ்கேனரில் வைத்திருந்தேன். போன் அடித்தது. அக்காவின் கணவர் முருகேசன் அண்ணன்.

“பாப்பா, ஒங்க அக்கா போயிட்டா.”

அதோடு போனை வைத்துவிட்டார். நான் அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பெரியவர், “என்னம்மா, சர்வர் வேலை செய்யலையா?” என்றார். “ஆமாங்கய்யா, நாளைக்கு வாங்க” என்று சொல்லிக் கடையைப் பூட்டினேன்.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்து, புதுக்கோட்டை மருத்துவமனையில் சில நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார் அக்கா. நாற்பது வயதுகூட ஆகவில்லை. இலுப்பூர் கடைவீதியில் உள்ள ஒரு கணினி மையத்தில் என்னோடு வேலை பார்த்தவர். தொலைநிலைக் கல்வியில் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி. நானும் அவரும் ஒன்றாகச் சேர்ந்தோம்.

இழவு வீட்டுக்குப் போனேன். உடலை இன்னும் கொண்டுவரவில்லை. அதற்குள் தீர்ப்பு வந்திருந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அதையே சொன்னார்கள்: “இந்த வயசுல படிப்பு என்னத்துக்கு? படிச்சுப் படிச்சே மண்டையில நரம்பு வெடிச்சுருச்சு.” அதைச் சொன்ன கையோடு அக்காவின் மகள் பிரியாவைப் பார்த்தார்கள். அவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடித்துவிட்டு, கல்லூரியில் சேரக் காத்திருந்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

அந்தப் பொய்யை மறுப்பதற்காகத்தான் முதலில் இதை எழுத உட்கார்ந்தேன். அக்காவைத் தெரியாதவர்கள் பந்தலில் கேட்டதை நம்பிவிடக் கூடாது.

அக்கா பிறந்தது குன்றாண்டார்கோவில் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கப் போன வாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்களாம். “மாப்புள வந்துட்டாரு, நான் காலேஜுக்குப் போக வேண்டிய பஸ்ல அவங்க வந்து எறங்கிட்டாங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். முருகேசன் அண்ணன் சரக்கு வேன் ஓட்டுகிறார். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால் மட்டும் வீட்டு வேலை குறைந்துவிடாது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் கடையில் சான்றிதழ் விண்ணப்பங்கள் போடுவோம், ஜெராக்ஸ் எடுப்போம், கல்யாணப் பத்திரிகையும் வடிவமைப்போம். எங்கள் ஊர்ப் பக்கம் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடாவிட்டால் சண்டை வரும். மணமக்கள் படிப்பு மட்டும் போதாது. தாய்மாமன் படிப்பு, ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ சித்தப்பா பையன் படிப்பு, எல்லாம் வேண்டும். ஒருநாள் ஒரு மாப்பிள்ளை வீட்டார், பி.இ. என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல்லி மூன்று தடவை திருத்தம் கேட்டார்கள். அவர்கள் போனதும் அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

“ஏ புள்ள, இந்த ஊருல உள்ளவன் டிகிரியெல்லாம் என் கையாலதான் அடிச்சுக் குடுக்குறேன். எனக்குன்னு ஒண்ணு அடிச்சுக்கக் கூடாதா?”

“கூடும்க்கா. என்ன டிகிரி அடிக்கலாம்?”

“வெளையாடாத. நெசமாவே கேக்குறேன். நீயும் பன்னண்டோட நிக்கிற. வா, சேருவோம்.”

வரலாறு எடுக்கலாம், சுலபம் என்று எல்லோரும் சொன்னார்கள். கணினி, அதுவும் தபாலில், அதுவும் இந்த வயதில் என்றார்கள். அக்கா அசையவில்லை. “நாள் பூரா இந்தப் பொட்டி முன்னாடி ஒக்காந்திருக்கேன். இதுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிய வேணாமா? தெரியாம தட்டிக்கிட்டே இருக்கதுக்கு நான் என்ன தையல் மிஷினா?”

அதன்பின் திட்டம் போட்டோம். பகுதிநேரப் படிப்பு என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். அக்காவிடம் பகுதி நேரம் எங்கே இருந்தது? காலையில் சமையல், பகலில் கடை, மாலையில் மாடு, மறுபடி சமையல். புதுக்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் நேரடி வகுப்புகளுக்குப் போயே ஆக வேண்டும். ஞாயிறு ஓய்வு நாள் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். எங்கள் வீடுகளில் ஞாயிறு என்றால் கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபுகுதல். வீட்டுப் பெண் போகாவிட்டால் ஒவ்வொரு பந்தியிலும் “எங்க, அந்தப் புள்ள வரல?” என்று கேட்பார்கள்.

அக்கா கடைச் சுவரிலிருந்து தினசரி காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தார். பல்கலைக்கழகத்தின் கையேட்டை அதன் பக்கத்தில் வைத்தார். முகூர்த்த நாள் எது, எந்த ஞாயிறு காலி என்று தாள் தாளாகப் புரட்டினார். ஆடி மாதம் முழுக்கக் காலி. மார்கழி காலி. புரட்டாசியில் பாதி.

“ஆடியில எவனும் கல்யாணம் வைக்க மாட்டான். கஷ்டமான பேப்பரையெல்லாம் அங்கிட்டு தள்ளு. வைகாசியில நமக்கு மூச்சு விட முடியாது. அப்ப தமிழ் பேப்பர் போதும்” என்றார். மூன்றாண்டுப் படிப்பை அதற்கு மேலும் சில ஆண்டுகள் இழுத்து முடிக்கலாம் என்று கையேட்டில் இருந்தது. அக்கா அதை நம்பித்தான் திட்டம் போட்டார். ஆடியையும் மார்கழியையும் ராசியில்லாத மாதங்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்தது. அவற்றிலிருந்து ஒரு பெண் தன் பட்டத்துக்கு வழி கண்டுபிடித்தார். இதற்கு யாரும் அவரைப் பாராட்டவில்லை. நான் பாராட்டுகிறேன்.

முதல் ஆண்டு நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்தத் தவறை எங்களைப் போன்றவர்கள்தான் செய்ய முடியும். கடைக்கு வருகிறவர்களில் பலரிடம் போன் இருக்காது. இருந்தாலும் நம்பர் தெரியாது. அதனால் விண்ணப்பத்தில் கடை நம்பரைப் போட்டுவிடுவோம். குறுஞ்செய்தி வந்தால் அவர்கள் மறுபடி கடைக்கு வரும்போது சொல்வோம். வருடக்கணக்காகக் கைக்குப் பழகிய வேலை. பல்கலைக்கழக விண்ணப்பத்தை எங்கள் இருவருக்கும் அக்காதான் போட்டார். பழக்கத்தில் இரண்டிலும் கடை நம்பரையே அடித்துவிட்டார்.

செய்முறைத் தேர்வின் தேதி மாறியதைச் சொல்லும் செய்தி கடை போனுக்கு வந்திருக்கிறது. அந்தப் போன் முதலாளியிடம் இருக்கும். ஒரு நாளைக்கு அதில் எத்தனையோ ஓ.டி.பி. செய்திகள் வரும். அவர் மொத்தமாக அழித்துவிடுவார். நாங்கள் பழைய தேதியில் புதுக்கோட்டைக்குப் போய் இறங்கினோம். ஆய்வகம் பூட்டியிருந்தது. தேர்வு முந்தின வாரமே முடிந்திருந்தது. அலுவலகத்தில் இருந்தவர், “மெசேஜ் அனுப்பியாச்சுங்க” என்றார்.

மறுநாள் கடையில் முதலாளிக்கு ஒரே சிரிப்பு. “ஊருக்கெல்லாம் அப்ளிகேஷன் போடுறீங்க, ஒங்க அப்ளிகேஷனப் போடத் தெரியலயே!”

நான் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்தினார். முதலாளி போன பிறகு அவரும் சிரித்தார். “எனக்குன்னு ஒரு போன் நம்பர் இருக்குங்கிறதே மறந்துபோச்சு பாரு புள்ள.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வரவில்லை. ஒரு பெண்ணுக்குத் தன் நம்பரே மறந்துபோகும் அளவுக்கு மற்றவர்கள் வேலையைச் செய்ய வைத்தது யார்?

அன்று சாயங்காலமே காலண்டரை மறுபடி எடுத்தார். “சரி, அடுத்த மார்கழி இருக்கு” என்றார். அந்த மார்கழியில் போய் எழுதினோம். அக்கா சி என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் முதல் தடவையே ஓடியது. ஆய்வகத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி “ஏ, ஓடுதுடா!” என்று கத்திவிட்டார். மேற்பார்வையாளர் முறைத்தார். வீட்டில் தோசை ஊற்றும்போதும் அந்த நிரலின் வரிகளைச் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

தலைவலி தொடங்கியது அதற்குப் பிறகு. பின்மண்டையில் வலிக்கிறது என்பார். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். ஆஸ்பத்திரிக்குப் போக ஒருநாள் லீவு கேட்டார். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட வரும் கூட்டம் முடியட்டும் என்றார் முதலாளி. கூட்டம் முடிந்தபோது நாத்தனார் வீட்டுக் காதுகுத்து வந்தது. அது முடிந்தபோது அறுப்பு. கடைசியில் கடையிலேயே மயங்கி விழுந்தார். ரத்த அழுத்தம் பல நாளாகவே ஏறியிருக்க வேண்டும், யாரும் பார்க்கவில்லையா என்று மருத்துவர் கேட்டார்.

படித்ததால் யாருக்கும் நரம்பு வெடிக்காது. வெடிக்குமென்றால் வாத்தியார்கள் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

கருமாதியன்று இதைச் சொல்ல வேண்டி வந்தது. முருகேசன் அண்ணனின் அண்ணன், பிரியாவுக்குப் பெரியப்பா, சபையில் பேச்சை எடுத்தார். “பட்டது போதும் தம்பி. பொட்டப்புள்ளைய மேல படிக்க வச்சு இன்னொரு எழவு பாக்க முடியாது. ஒரு நல்ல எடமா பாப்போம்.”

சிலர் தலையாட்டினார்கள். முருகேசன் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உறவு இல்லை. அந்தச் சபையில் பேச எனக்கு உரிமை இல்லை. பேசினேன்.

“அக்கா படிச்சதால சாகல. பி.பி. இருந்துச்சு, யாரும் பாக்கல. படிக்கப் போனது முகூர்த்தம் இல்லாத ஞாயித்துக்கெழம மட்டும். மத்த நாளெல்லாம் ஒங்க எல்லாருக்கும்தான் ஒழச்சாங்க. நரம்பு வெடிச்சா அது எதனாலன்னு நீங்களே யோசிச்சுக்கங்க.”

“யாரு இந்தப் புள்ள?” என்றார் பெரியப்பா.

“கடையில கூட வேல பாக்குது” என்று யாரோ சொன்னார்கள்.

“வேல பாக்குற புள்ள வேலையப் பாத்துட்டுப் போகட்டும்” என்றார் அவர். முருகேசன் அண்ணன் எழுந்து, “பந்தி போட்டாச்சு, எல்லாரும் சாப்புட வாங்க” என்றார். அவ்வளவுதான். யாரும் மனம் மாறவில்லை. நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

போன வாரம் பிரியா கடைக்கு வந்தாள். கூடவே முருகேசன் அண்ணனும் வந்து, வேனை வெளியே நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“கத்துனாரு. அப்பாவும் கத்துனாரு. அப்பா கத்தி நான் பாத்ததே இல்லக்கா.”

நான் உடனே பி.சி.ஏ. பக்கத்தைத் திறந்தேன். அவள் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

“அய்யோ, அது வேணாம்க்கா. அந்த சி புரோகிராம அம்மா வீடு பூரா சொல்லிச் சொல்லி எனக்கு வெறுத்தே போச்சு. நான் பி.காம். போறேன்.”

கொஞ்ச நேரம் கோபம்கூட வந்தது. தாய் விட்டதை மகள் முடிப்பாள் என்று நானே மனசுக்குள் ஒரு கதை கட்டி வைத்திருந்திருக்கிறேன். பந்தலில் பேசியவர்கள் அவளுக்கு ஒரு கதை கட்டினார்கள், நான் வேறொன்று கட்டினேன். இரண்டையும் அவள் ஒரே வரியில் தள்ளிவிட்டாள். பிறகு சிரித்தேன். பி.காம். என்றே போட்டேன். சமர்ப்பி என்ற பொத்தானை அவளே அழுத்தினாள். ‘ஏற்கப்பட்டது’ என்று திரையில் வந்ததும் வெளியே பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். வேனுக்குள் முருகேசன் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

வளர்மதி அக்கா, நீங்கள் பட்டம் வாங்கவில்லை. வாங்கியது போல நான் எழுத மாட்டேன். பாதி வழியில் வீடும் கடையும் உங்களை எடுத்துக்கொண்டன, அதுதான் உண்மை. என் அம்மாவும் இப்போது படிப்பை விட்டுவிடு என்கிறார். விடப் போவதில்லை. இந்த ஆடியில் நம் கணக்குப் பேப்பர் இருக்கிறது, போய் எழுதுவேன். உங்கள் நினைவுக்காக எழுதுகிறேன் என்று சொன்னால் நீங்களே திட்டுவீர்கள். எனக்காக எழுதுகிறேன். போய் வாருங்கள் அக்கா.