கைக்குக் கீழே ஓர் அதிர்வு

என் கணவர் முத்தையாவின் நெஞ்சில் காயமே இல்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. செம்பவாங் கப்பல் பட்டறையில், கிரேனில் தொங்கிய மரப்பெட்டி ஊசலாடி வந்து அவர் மார்பில் மோதியது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"டாக்டர்ட்ட போனா காவடி எடுக்காதேம்பாரு. சும்மா ஒரு இடிதான்லா," என்று சிரித்தார்.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருந்தது, விரதம் தொடங்கியிருந்தார். மாலையில் தைலம் தேய்த்தபோது என் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ அதிர்ந்தது. உறுமும் பூனையின் கழுத்தில் கை வைத்தது போல இருந்தது. படியேறினால் அவருக்கு மூச்சு வாங்கியது. "விரத உடம்புங்க, முருகன் வந்து உக்காந்திருக்காரு," என்று சொன்னவள் நான். அந்த வாயை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

பூசத்தன்று சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் காவடியைத் தூக்கியவர், தேக்கா மார்க்கெட்டைத் தாண்டவில்லை. உதடு நீலம் பாரித்துச் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதை மிஸ்ஸி (நர்ஸ்) தமிழில் சொன்னார்.

"நெஞ்சுல அடி பட்டுச்சா?"

"காயம் எதுவும் இல்லீங்க."

"காயத்தக் கேக்கலம்மா. அடி பட்டுச்சா?"

அப்போதுதான் பெட்டியைப் பற்றிச் சொன்னேன்.

செப்டம் (இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவர்) கிழிந்திருந்தது. அந்த ஓட்டையில் ரத்தம் பீறிட்டதைத்தான் என் கை உணர்ந்திருக்கிறது. இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை மெஷின் வழியே ஓடவிட்டு, துணி ஒட்டு வைத்துத் தைத்தார்கள். "இன்னொரு தடவ நெஞ்சத் திறந்தா தாங்காதாம்மா," என்றார் மிஸ்ஸி.

வீட்டில் தினமும் கை வைத்துப் பார்த்தேன். அதிர்வு இல்லை. "அடுத்த பூசத்துக்குப் பால்குடமாவது எடுக்கணும்," என்றார். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

ஐந்தாவது வாரம் ஈரத்துண்டால் மார்பைத் துடைத்தேன். தழும்புக்குப் பக்கத்தில் மறுபடி அந்த உறுமல்.

"என்ன, கைய எடுத்துட்ட?"

"ஒண்ணுமில்லீங்க. தண்ணி ஆறிடுச்சு."

அதன்பின் அவர் பால்குடத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒட்டின் ஓரம் விட்டிருந்தது; மறுபடி திறக்க முடியாதென்று டாக்டரும் மாத்திரையை மட்டும் மாற்றி எழுதினார்.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. நெஞ்சில் அடிபட்டால் ரத்தத்தைத் தேடாதீர்கள். அடியைச் சொல்லுங்கள், முதல் நாளே சொல்லுங்கள்.

அடுத்த பூசத்துக்கு நாள் எண்ணிக் காலண்டர் தாள் கிழிப்பதை நான் நிறுத்திவிட்டேன். காலையில் எழுந்ததும் அவர் மார்பில் கை வைக்கிறேன். எந்த உறுமல் நிற்க வேண்டுமென்று கோயில் கோயிலாக வேண்டினேனோ, அது இன்றைக்கும் இருக்கிறதா என்று தேடுகிறேன். இருந்தால், எழுந்துபோய் அடுப்பு பற்றவைக்கிறேன்.