ஏழில் ஐந்து

வலது காதில் அரைத்துண்டு வெண்கட்டியைச் செருகிக்கொண்டுதான் கணக்கு வாத்தியார் டொமினிக் சேர் வகுப்புக்குள் நுழைவார். கொட்டிலில் இருக்கும் முப்பது பிள்ளைகளும் எழும்பி நிற்பார்கள். உடனே உட்காரச் சொல்லிவிடமாட்டார். நேற்றைய கணக்குக் கிடக்கும் பலகையை ஈரத்துணியால் மேலிருந்து கீழாக, ஒரு கோடு விடாமல் துடைப்பார். காய்கிறதா என்று தள்ளி நின்று பார்ப்பார். பிறகு சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் திரும்பி, "இருங்கோ" என்பார். அந்தச் சொல் வராமல் மன்னார்த் தீவின் பேசாலையில் எந்தப் பிள்ளையும் அவர் முன்னால் இருந்ததில்லை. சந்தையில் கண்டாலும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார்கள். "சரி, போங்கோ" என்று அவர் சொன்ன பிறகுதான் பெடலில் கால் வைப்பார்கள்.

பலகை துடைக்கும் அந்த நேர்த்தி கணிதம் படித்து வந்ததல்ல. தொண்ணூறில் சண்டைக்குத் தப்பிப் படகேறிப் போய், மண்டபம் அகதி முகாமில் இருபது வருடம் இருந்து, ராமநாதபுரத்து வீடுகளுக்கெல்லாம் பெயின்ட் அடித்த கை அது. காதில் பென்சில் செருகும் பழக்கமும் அங்கே பிடித்ததுதான். வேலை முடிந்து வந்து, முகாம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஊர் திரும்பியபோது இங்கே உயர்தரப் பரீட்சைக் கணிதம் படிப்பிக்க ஆளில்லை. வீடு கட்ட முதலே, அதற்கெனக் கிடைத்த தகரத்தில் பாதியை எடுத்து வகுப்புக்குக் கூரை போட்டார். அவர் மனைவி எடித் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

இயக்கவியலில் அவரை அடிக்க ஆளில்லை. "சமன்பாட்டுக்கு ஓடாதேங்கோ. கப்பியிலை கயிறு எந்தப் பக்கம் இழுக்குது? வலை இழுக்கிற பிள்ளையளுக்கு இது தெரியாதோ?" என்று கேட்டு, கற்பனைக் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டுவார். பிள்ளைகளும் இருந்த இடத்தில் இழுப்பார்கள். கணக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லுவார். அதைச் சொல்லும்போது மட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "ஏழு பெரிய கேள்வியிலை ஐஞ்சுதானே செய்யச் சொல்லுறான். நிகழ்தகவை விடுங்கோ. அந்த நேரத்துக்கு இன்னும் பத்துக் கப்பிக் கணக்குச் செய்யலாம்."

ஒருநாள் டிலோஜன் என்ற பொடியன் விடாமல் கேட்டான். "சேர், முதல் பகுதியிலை அது கட்டாயக் கேள்வியாயும் வருதே?"

"சின்னக் கேள்விதானே. போனால் போகட்டும்."

சேர் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார் என்று பெற்றோர் மெச்சினார்கள். உண்மை வேறு. அவருக்கு நிகழ்தகவு தெரியாது. அவர் படித்த நாளில் அந்த அலகு பாடத்தில் இல்லை. அவர் அக்கரையில் சுவருக்கு வர்ணம் பூசிய காலத்தில் இங்கே பாடத்திட்டம் மாறிவிட்டது. புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். நிபந்தனை நிகழ்தகவு என்ற பக்கத்தோடு மூடி, அலுமாரியில் வைத்தார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது வருடம் பெயின்டராக இருந்தவருக்கு இப்போதுதான் சேர் என்ற பெயர் கிடைத்திருந்தது. அதை விட மனம் வரவில்லை.

போன தை மாதம் நிறஞ்சலா வந்து கொட்டில் வாசலில் நின்றாள். கடற்தொழிலாளி யோசேப்பின் மகள். அவருடைய வகுப்பிலேயே கெட்டிக்காரி. இரண்டாம் தடவையும் பரீட்சை எழுதி, பொறியியலுக்கு மயிரிழையில் தவறவிட்டிருந்தாள். இனி ஒரேயொரு தடவைதான் எழுதலாம்.

"நாலு கேள்வி முழுசாச் செய்தனான் சேர். ஐஞ்சாவதுக்கு எடுத்த கணக்கு இடையிலை சிக்கிப்போச்சு. மிச்சம் நிகழ்தகவுதான் இருந்தது. லேசான கேள்வி. வாசிக்க விளங்குது, செய்யத் தெரியேல்லை." பிறகு சொன்னாள். "என்ரை பிழைதான் சேர். நானாவது தனியப் பாத்திருக்கலாம்."

அந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தார். "ஓம் பிள்ளை, இன்னும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று மதியம் எடித் போட்டு வைத்த சோற்றை அவர் தொடவில்லை. முகாமில் அகதி என்று எத்தனையோ பேர் அதட்டியிருக்கிறார்கள், அப்போதெல்லாம் வராத வெட்கம் இப்போது வந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை வகுப்பு முடிந்ததும் மன்னார் பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

"கச்சேரியிலை ஒரு அலுவல். வீட்டுத்திட்டப் பேப்பர்."

"சனிக்கிழமை எந்தக் கச்சேரி திறந்து கிடக்கு?" என்றாள் எடித். அரச அலுவலகத்துக்குச் சனி விடுமுறை; பொய் சொல்லவும் பழக்கம் வேண்டும். அவர் செருப்பைத் தேடினார்.

மன்னார் நகரில் மர்சூக் சேரின் வகுப்பு இருந்தது. புத்தளத்தில் அகதியாக வளர்ந்து, அங்கேயே புதிய பாடத்திட்டம் படித்துத் திரும்பியவர். டொமினிக் சேரைவிடப் பதினைந்து வயது இளையவர். கடைசி வரிசை வாங்கில் வந்து உட்கார்ந்திருந்த நரைத்த தலையைப் பார்த்து, யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன் என்று நினைத்துக்கொண்டார். டொமினிக் சேர் அதைத் திருத்தவில்லை. கொப்பியை மேசைக்குக் கீழே தொடையில் வைத்து எழுதினார். இரண்டு வாரத்தில் நிபந்தனை நிகழ்தகவு விளங்கத் தொடங்கியது. இவ்வளவுதானா என்று நினைத்தபோது நெஞ்சு இன்னும் எரிந்தது.

மூன்றாம் சனிக்கிழமை வகுப்பு தொடங்கிய பிறகு ஒரு பிள்ளை ஓடிவந்து கடைசி வாங்கில் இருந்தாள். பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தாள். நிறஞ்சலா. காய்ச்சல் என்று சொல்லி அன்று காலை அவருடைய வகுப்புக்கு வராதவள்; இங்கே அன்றுதான் முதல் நாள். களவெடுத்துப் பிடிபட்டவள் மாதிரி அவள் முகம் சிவந்தது. "சேர்" என்று எழும்பி நின்றாள்.

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"என்ன பிள்ள, இருங்க" என்றார் மர்சூக். அவள் இருக்கவில்லை. "இவர் யாரு? உங்கட அப்பாவா?"

ஓம் என்றால் போதும். அந்தச் சொல் டொமினிக் சேரின் நுனிநாக்கு வரை வந்தது. அவள் காட்டிக்கொடுக்கமாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் வாங்கைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"இல்லை சேர். நான் இந்தப் பிள்ளைக்குப் படிப்பிச்சனான். நிகழ்தகவை விடச் சொன்னதும் நான்தான். எனக்கு அது தெரியாது. தெரியாதெண்டு இவவுக்குச் சொல்லவும் இல்லை."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நிறஞ்சலா இன்னும் நின்றுகொண்டிருந்தாள், டொமினிக் சேரின் வாயிலிருந்து அந்த "இருங்கோ" வரட்டும் என்று.

காலை வகுப்பிலிருந்து காதிலேயே இருந்த வெண்கட்டியை டொமினிக் சேர் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். கைகளைக் கட்டிக்கொண்டு மர்சூக்கைப் பார்த்தார். மர்சூக் சேர் இருக்கச் சொல்லும்வரை, தன் மாணவிக்குப் பக்கத்தில் நின்றார்.