ஒரே கிளிக்கில் அறுபத்து மூன்று வீடு

பன்னிரண்டே காலுக்கு பாகான் டாலாம் அடுக்குமாடி பிளாட்டின் அறுபத்து மூன்று மோடங்களும் என் திரையில் பச்சையாக இருந்தன. பன்னிரண்டரைக்கு ஒன்றுகூட இல்லை.

ஜார்ஜ் டவுனில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் பதினேழு வருடமாக இருக்கிறேன். வாடிக்கையாளர் வீட்டு மோடங்களை ஆபீஸில் இருந்தபடியே பார்த்துக்கொள்வதுதான் வேலை. மோடம் அவ்வப்போது தானாக எங்கள் சர்வரோடு பேசும். அந்த நேரத்தில் வைஃபையைச் சரி செய்யலாம், சாப்ட்வேர் மாற்றலாம், ரீபூட் பண்ணலாம். யாரும் வேன் ஏற வேண்டாம். நாற்காலியை விட்டு எழாமல் ஊர் முழுக்க மோடம் பார்க்கிறேன் என்று எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று பாகான் டாலாமுக்குப் புது செட்டிங் அனுப்ப வேண்டியிருந்தது. வேறோர் இடமான கெப்பாலா பத்தாஸுக்கு முன்பு செய்த டெம்பிளேட் கையில் தயாராக இருந்தது. காப்பி எடுத்தேன், பெயரை மாற்றினேன், எல்லா வீட்டுக்கும் அனுப்பிவிட்டேன். உள்ளே இருந்த விலான் நம்பரை மாற்ற மறந்துவிட்டேன். லைன் எந்தப் பாதையில் போக வேண்டும் என்று மோடத்துக்குச் சொல்வது அந்த நம்பர்தான். அறுபத்து மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்டு, இல்லாத பாதையில் போய் நின்றன. வீட்டுக்கும் இணையம் இல்லை, எங்கள் சர்வருக்கும் மோடம் தெரியவில்லை. எந்த வழியாகத் திருத்த வேண்டுமோ அந்த வழியையே நான் அடைத்துவிட்டேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களால் மட்டுமே இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

மேனேஜர் செல்வராஜ் சார் என் பின்னால் வந்து நின்றார். "முதல்ல ஒரு மோடத்துல டெஸ்ட் பண்ணினியா?"

"இல்ல சார்."

அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "முதல்ல டெம்பிளேட்டத் திருத்து. இல்லாட்டி திரும்பி வர்ற மோடமும் அதே குழியிலதான் விழும்" என்றார். திருத்தினேன். இனி ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் மோடத்தின் பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையைப் பத்து வினாடி அழுத்த வேண்டும். அப்போதுதான் அது பழைய நிலைக்குப் போய் எங்களைத் தேடி வரும். இருந்த இரண்டு வேன்களும் தூரத்தில் மாட்டியிருந்தன. நான் போனை எடுத்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தேன். பாதிப் பேர் வேலையில் இருந்தார்கள், எடுக்கவில்லை. எடுத்தவர்களோ மோடத்தைத் தொடப் பயந்து, ஆளை அனுப்பச் சொன்னார்கள்.

இரண்டு மணிக்கு ஓர் அக்கா தானே அழைத்தார். பெயர் பரமேஸ்வரி.

"தங்கச்சி, காலைல நல்லாத்தான் ஓடுச்சு, இப்ப லைனே இல்லலா. மூணு மணிக்கு என் மகளுக்கு ஆன்லைன்ல இன்டர்வியூ. மாக் மண்டின்ல அவ வேல செஞ்ச ஃபேக்டரி மூடி எட்டு மாசமாச்சு. இதான் முதல்ல வந்த இன்டர்வியூ. எங்க வீட்டுக்குள்ள கைபோன்ல பேச முடியும், நெட்டு சரியா வராது."

இப்படிப்பட்ட நேரத்தில் நாங்கள் சொல்ல வேண்டிய வாசகம் மேசையில் ஒட்டியிருக்கும். 'தொழில்நுட்பக் கோளாறு, பொறுத்தருளவும்.' அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண்ணின் எட்டு மாதம் என் ஒரு கிளிக்கில் போகப் பார்த்தது.

"அக்கா, கோளாறு இல்ல. நான் தப்பான செட்டிங் அனுப்பிட்டேன். என் தப்புதான்."

திட்டப்போகிறார் என்று காதைப் போனிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன்.

"சரி, ஒப்புக்கிட்டல்ல. இப்ப நான் என்ன செய்யணும், அதச் சொல்லு."

பேப்பர் கிளிப் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கு? வளையல்ல ஊக்கு மாட்டியிருக்கேன்."

பத்து எண்ணச் சொன்னேன். அவர் சத்தமாக எண்ணினார், நானும் கூடவே எண்ணினேன். ஆறு நிமிடத்தில் என் திரையில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மணி இரண்டேகால்கூட ஆகவில்லை.

"இன்னும் எத்தன வீடு இப்படி இருக்கு?" என்றார் அக்கா.

அறுபத்திரண்டு என்றேன். ஆனால் எந்தெந்த வீடு என்று வாடிக்கையாளர் விவரத்தை நாங்கள் வெளியே சொல்லக் கூடாது. அந்த விதியையும் சொன்னேன்.

"நீ சொல்லாட்டி என்ன? லைன் இல்லாதவங்க எங்க பிளாட்டு வாட்ஸாப் குரூப்ல தானா கத்துவாங்க. நான் பாத்துக்கறேன்லா."

மகள் உள்ளே இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்க, அந்த அம்மா ஊக்கும் கையுமாகப் படியேறி இறங்கியிருக்கிறார். வெளியே போயிருந்த வீட்டுக்காரர்களிடம் போனில் கேட்டு, பக்கத்து வீட்டில் விட்டுப்போன சாவியை வாங்கித் திறந்திருக்கிறார். என் திரையில் இரண்டு, ஐந்து, பன்னிரண்டு என்று பச்சை கூடிக்கொண்டே வந்தது. ஐந்து மணிக்கு மீதி நான்குதான். அவற்றை வேன்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ரிப்போர்ட்டில் 'நான் சோதிக்காமல் அனுப்பினேன்' என்று எழுதிக் கொடுத்தேன். செல்வராஜ் சார் 'நான்' என்பதை அடித்து 'நாங்கள்' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். "ஒருத்தரே எல்லாத்துக்கும் அனுப்பற மாதிரி சிஸ்டத்த வச்சிருந்தது நான்தானே" என்றார். அவருக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் பிளாட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். பவித்ராவுக்கு, அதுதான் அக்காவின் மகள், வேலை கிடைத்திருந்தது. அக்கா வளையலில் இருந்து அந்த ஊக்கைக் கழற்றி என் அடையாள அட்டைக் கயிற்றில் குத்திவிட்டார். "அடுத்த தடவ நீயே வந்து அழுத்து" என்று சிரித்தார்.

இப்போது எந்த செட்டிங்கும் முதலில் என் வீட்டு மோடத்துக்குத்தான் போகும். ஒரு நாள் முழுக்க அது ஒழுங்காக ஓடினால்தான் மற்ற வீடுகளுக்கு. ஆன்லைனில் பார்க்கும் நாடகம் பாதியில் நின்றால் என் வீட்டுக்காரர், "இன்னிக்கும் நம்ம வீடுதானா?" என்று கேட்பார். நான் கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றிக்கொண்டு மோடத்தின் பின்னால் போய்ப் பத்து எண்ணுவேன்.