தொண்டை கட்டிய பாஞ்சாலை

பாஞ்சாலை அக்கா பேசினால் மூன்றாவது வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பீங்கான் கம்பெனியில், மண் அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் எத்தனையோ வருஷமாக வேலை. அந்த இரைச்சலில் தண்ணீர் கேட்பதென்றாலும் சண்டைக்கு நிற்கிறவள் மாதிரித்தான் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் இறங்காது.

அவள் வீட்டுக்காரர் சாமிக்கண்ணு நேர் எதிர். சண்டை வந்தால் இவள் கத்துவாள், அவர் சிரித்த முகமாக, மெல்ல ஏதோ சொல்வார், இவள் அடங்கிவிடுவாள். தங்கமான மனுஷன், இவளிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறார் என்று தெருவே பேசும். அடுத்த வீட்டுக்காரி நான் மட்டும் வேறு மாதிரியா பேசுவேன்?

மகள் வெண்பாவைப் பெண் பார்க்கப் பெண்ணாடத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முன்னால் வந்த இடங்கள் தட்டிப்போனதற்கு அக்காவின் வாய்தான் காரணம் என்பது அப்பாவும் மகளும் கட்டிய முடிவு. அதனால் இந்த முறை ஓர் ஏற்பாடு செய்தார்கள். அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, பேச முடியாது என்று சொல்லிவிடுவது. மகளுக்குக் கல்யாணம் ஆனால் போதும் என்று அவளும் தலையாட்டினாள். கழுத்தில் துண்டு வேறு சுற்றிக்கொண்டாள். கேசரி கிளறப் போயிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா சொர்ணாம்பாள் கரும்புக் காட்டில் உழைத்த மனுஷி. வந்ததும் அக்காவின் கழுத்துத் துண்டைப் பார்த்து, பாலில் மிளகு போட்டுக் குடிக்கச் சொன்னார். பெண்ணைப் பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது. கை கழுவப் பின்பக்கம் போனார்.

அடுப்படியில் அக்கா டீ ஊற்றினாள். அவசரத்தில் டீ தட்டில் சிந்திவிட்டது. வெண்பா கோபப்படவில்லை. புன்சிரிப்போடு, பூப்போல மெல்லச் சொன்னாள்.

"உடும்மா. இதெல்லாம் ஒனக்கு என்னா தெரியும்? யாரு கண்ணுலயும் படாம அந்த மூலயில போயி நில்லு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே சாமிக்கண்ணுவின் குரல். இத்தனை நாள் அவர் மெல்லச் சொன்ன 'ஏதோ' இதுதானா? அக்கா மூலைக்குப் போனாள். பழகின இடம் போல நின்றாள். பின்வாசலில், ஈரக் கையோடு சொர்ணாம்பாள் நின்றிருந்தார்.

ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லி அவர்கள் கிளம்பினார்கள். மனசு கேட்காமல் தெருமுனை வரை கூடவே போனேன். சொர்ணாம்பாள் ஒளிக்கவில்லை.

"எங்க வூட்லயும் சண்ட வரும்மா. கத்துவோம், அழுவோம், மறுவேள ஒண்ணா சாப்புடுவோம். பெத்தவகிட்ட இந்தக் கொரலு வருதே... நாளைக்கு நான் படுத்துட்டா எங்கிட்டயும் இதுதான வரும்?"

திரும்பி வந்தால், அதற்குள் சாமிக்கண்ணு ஆரம்பித்துவிட்டார். அவர்கள் முகம் மாறியதற்கு அக்காதான் காரணமாம். "வாயக் கட்டுனாலும் மூஞ்சியக் கட்ட முடியலயே," என்றார், அதே சிரிப்போடு. சொர்ணாம்பாள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் போட்டு உடைத்தேன்.

வெண்பாவின் முகம் வெளுத்தது. சாமிக்கண்ணு சட்டைப் பொத்தானைத் தடவினார்.

அக்கா கழுத்துத் துண்டை உருவி எறிந்தாள். இப்போதாவது அவர்களைக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எம் பொண்ணப் பத்தி எவடி சொன்னது? அது தங்கம்டி! அதக் கொற சொல்றவ வூட்டு வாசல நான் மிதிக்க மாட்டேன், போ!"

தெருவில் கதவுகள் திறந்தன. வெண்பா அம்மாவின் பக்கத்தில் வந்தாள். அழப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"ஏம்மா கத்துற," என்றாள் மெல்ல. "போயி அந்த டீத் தட்டக் கழுவு."

அக்காவின் வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை. குனிந்து தட்டை எடுத்தாள்.