ஸஹ்ரான் இழுத்துக்கொண்ட தட்டு

இப்ரா ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் காபிக் கூஜாவைத் தூக்குபவர் ஸஹ்ரான்தான். முப்பது வருடமாக இடது கையில் கூஜா, வலது கையில் கோப்பைகள். ஒரு சொட்டுக் கீழே சிந்தாது. வாய்தான் சும்மா இருக்காது, அதுதான் அவருடைய கேடு.

அன்று துக்கம் கேட்க வந்தவர்களில் ஹுமைதும் இருந்தார். சின்ன வயதுக் கூட்டாளி, பத்து வருடமாகச் சர்க்கரைக்காரர். காலையில் இன்சுலின் ஊசி போட்ட கையோடு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் அடக்கத்துக்கு ஓடியிருக்கிறார். அது ஸஹ்ரானுக்கு எப்படித் தெரியும்? பேரீச்சம்பழத் தட்டு வந்ததும் ஹுமைத் கையை நீட்டினார். ஸஹ்ரான் வெடுக்கென்று தட்டை இழுத்துக்கொண்டார்.

"கைய எடுய்யா. உடம்பு பூரா சர்க்கரைய வச்சுக்கிட்டு பழத்துக்கு அலையுற. உம் பொண்டாட்டி என்னையத்தான் திட்டுவா."

துக்க வீடென்றும் பாராமல் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். ஹுமைதும் அசடு வழியச் சிரித்துக் கையை மடக்கிக்கொண்டார்.

அடுத்து சர்க்கரை போடாத கடுங்காபி. போதும் என்றால் கோப்பையை ஆட்டிக் கொடுப்பது வழக்கம். ஹுமைதின் கோப்பை நன்றாகவே ஆடியது. ஸஹ்ரான் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். நெற்றியில் வேர்வை கொட்டியதையும் பார்த்தார். வெயில் என்று விட்டுவிட்டார். கால் மணி நேரத்தில் ஹுமைத் பக்கத்து ஆள்மேல் சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னாள்: "நம்ம உடம்புல சர்க்கரை இறங்குனா கணையம் இன்சுலினைக் குறைச்சுக்கும், ஈரல் சேத்து வச்ச சர்க்கரைய அவுத்து விடும். ஊசியில உள்ள போன இன்சுலினை யாரு நிறுத்துறது? அது பாட்டுக்கு இறக்கிக்கிட்டே போகும். கை நடுங்குறது, வேர்க்குறது எல்லாம் உடம்பு போடுற கூப்பாடு. அந்த நேரத்துல நாலு பழம் தின்னுருந்தாக்கூட இங்க வந்திருக்க மாட்டாரு."

நாலு பழம். பாவி, பாவி என்று ஸஹ்ரான் தன்னையே வைதுகொண்டு வராந்தாவில் கிடந்தார்.

மறுநாள் மதியம்தான் ஹுமைத் கண் திறந்தார். ஸஹ்ரான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நாந்தான்யா உன்னைக் கொல்லப் பாத்தேன். நடுக்கம் உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. அதான் கைய நீட்டுனேன்."

"நான் தட்டை இழுத்தா என்ன? வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேய்யா."

ஹுமைத் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எல்லாரையும் சிரிக்க வச்சிட்டியே. அதுக்கப்புறம் எப்படிக் கேக்குறது?"